வேப்பெண்ணெய் அடித்தும் பலனில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் முறை

வேப்பெண்ணெய் சரியாக வேலை செய்யாவிட்டால் பெரும்பாலோர் முதலில் அளவைத்தான் கூட்டுகிறார்கள். 5 மி.லி. 10 ஆகிறது, 10 மி.லி. 20 ஆகிறது. பூச்சி இருந்த இடத்திலேயே இருக்க, இலை மட்டும் கருகுகிறது. பிழை அளவில் இருப்பது அரிது. கலக்கியதில், அடித்த இடத்தில், அடித்த நேரத்தில், அல்லது எண்ணெய்க்குக் கட்டுப்படாத ஒன்றின் மேல் எண்ணெய் அடித்ததில்தான் அது பெரும்பாலும் இருக்கும்.

எண்ணெய் எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிழைகள் தாமாகவே புலப்படும். பூச்சியின் உடம்புப் பக்கவாட்டில் மூச்சுத் துளைகள் இருக்கின்றன. எண்ணெய்ப் படலம் அவற்றை அடைத்துவிடுகிறது. முட்டையின் மேல் படிந்தால் அதற்கும் காற்று கிடைக்காது. எந்த எண்ணெயும் செய்யும் வேலை இது, சூரியகாந்தி எண்ணெய் உட்பட. பட்ட இடத்தில் மட்டுமே பலிக்கும், காய்ந்த பிறகு பெரிதாகப் பலிக்காது. வேப்பெண்ணெயில் கூடுதலாக அசாடிராக்டின் என்ற பொருள் இருக்கிறது. அது பூச்சியைத் தின்ன விடாமல் செய்யும், தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். உடனே கொல்லாது, பலன் தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். வெயில் பட்டால் சில நாட்களில் சிதைந்தும் போகும்.

அடிப்படைக் கலவை (1 லிட்டருக்கு)

செக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி. மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சாம்பல் நோய் என்றால் 10 மி.லி. எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்து வைக்கும் கலப்பான் ஏதாவது ஒன்று: வாசனையும் நிறமும் இல்லாத திரவ சோப்பு 2 முதல் 3 மி.லி., அல்லது காதி சோப்புச் சீவல் 10 கிராமை 100 மி.லி. வெந்நீரில் கரைத்து அதிலிருந்து 30 மி.லி., அல்லது டீப்பால் என்ற திரவக் கலப்பான் 1 மி.லி.

வேளாண் பரிந்துரைகளில் வேப்பெண்ணெய் 3 சதம், அதாவது லிட்டருக்கு 30 மி.லி., என்று பார்த்திருப்பீர்கள். அது வயல் பயிருக்குச் சொல்லப்பட்டது. மாடியில் சுடுதளத்தின் மேல், சின்னத் தொட்டியில் வேர் நெருங்கி நிற்கும் செடிக்கு அந்த அளவு ஆபத்து. 10 மி.லி.யைத் தாண்ட வேண்டிய தேவை வீட்டுத் தோட்டத்தில் அநேகமாக வராது.

கலக்கும் வரிசைதான் முக்கியம். எண்ணெயையும் சோப்பையும் முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு டம்ளரில் நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் 100 மி.லி.யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே கலக்கினால் பால் போல வெளுக்கும். வெளுத்த பிறகுதான் மீதித் தண்ணீர்.

அறிகுறி: எண்ணெய் மேலே மிதக்கிறது, தண்ணீரில் வெள்ளைத் திரி திரியாக வருகிறது

இவை இரண்டும் ஒரே கோளாறு போலத் தெரிந்தாலும் காரணம் வேறு.

மஞ்சள் துளிகளாக, வட்ட வட்டமாக மேலே மிதந்தால் சோப்பு போதவில்லை, அல்லது தண்ணீர் நிறைந்த வாளியில் எண்ணெயை நேராக ஊற்றிவிட்டீர்கள். பிறகு எவ்வளவு கலக்கினாலும் சேராது. மேலே மிதப்பதை வழித்து எடுத்துத் தனியாகச் சோப்புடன் குழைத்து மறுபடி சேருங்கள்.

தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப் பிசிறு வந்து, பாத்திரத்தின் ஓரத்தில் பிசுபிசுப்பாக ஒட்டினால் தண்ணீர் உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத பிசிறாகிவிடுகின்றன. எண்ணெயைப் பிடித்து வைக்கச் சோப்பு மிஞ்சுவதில்லை. காதி சோப்பில் இது அதிகம் நடக்கும். சோப்பைக் கூட்டினால் பிசிறுதான் கூடும். மழைநீரோ குழாயில் வரும் நல்ல தண்ணீரோ பயன்படுத்துங்கள். அது கிடைக்காத இடத்தில் பூந்திக்கொட்டை நல்ல மாற்று: விதை நீக்கிய ஏழெட்டுக் கொட்டையை அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் ஒரு கொதி விட்டு வடிகட்டி, லிட்டருக்கு 50 மி.லி. சேர்க்கலாம். அதன் நுரைக்கும் பொருள் உப்புத் தண்ணீரில் திரிவதில்லை. டீப்பாலும் அப்படியே.

சோதனை எளிது. கலந்ததைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கால் மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மேலே எண்ணெய் வளையம் கட்டினால் அந்தக் கரைசல் செடிக்கு ஆகாது. இலேசான பாலாடை போல வந்து, ஒரு தட்டுத் தட்டினால் கலந்துவிட்டால் பரவாயில்லை.

கடையில் 300, 1500, 10000 பி.பி.எம். என்று போட்டு விற்கும் வேம்பு மருந்துகளில் கலப்பான் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். நேராகத் தண்ணீரில் ஊற்றினாலே பாலாகும். இவற்றில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்பது அசாடிராக்டின் அளவு, எண்ணெயின் அளவு இல்லை. 10000 பி.பி.எம். மருந்தை லிட்டருக்கு 2 மி.லி. போடும்போது மூச்சுத் துளையை அடைக்கும் அளவுக்கு எண்ணெய் அதில் இருக்காது. இளம் புழுவுக்கும் அசுவினிக்கும் அது சரி. ஓடு கட்டிய செதில் பூச்சி மேல் அதை அடித்துவிட்டுப் போகவில்லையே என்று குறைப்படுவதில் பயனில்லை. அங்கே தேவை சாதாரண எண்ணெய்தான்.

அறிகுறி: நாசில் அடைக்கிறது, எண்ணெய் புட்டியிலேயே கெட்டியாகிவிட்டது

வேப்பெண்ணெய் குளிரில் உறையும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் இது அன்றாடக் கதை; சமவெளியில் மார்கழிக் காலையில் நடக்கும். எண்ணெய் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் அசாடிராக்டின் போய்விடும். உருகிய எண்ணெயைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் மறுபடியும் மணிமணியாக உறைந்து நாசிலை அடைக்கும், ஆகவே தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

குளிர் இல்லாமல், எண்ணெய் உறையாத நாளிலும் நாசில் அடைத்தால், அது சோப்புப் பிசிறு அல்லது செக்கு எண்ணெயின் அடிக்கசடு. பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வேலை முடிந்ததும் பம்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றி அடித்து, பிறகு வெறும் தண்ணீர் அடித்து வெளியேற்றுங்கள். எண்ணெய் தங்கினால் ரப்பர் வாஷர் உப்பி, அடுத்த முறை காற்று ஏறாது.

அறிகுறி: இலை கருகிவிட்டது

கருகியதெல்லாம் எண்ணெயால் என்று முடிவுகட்ட வேண்டாம். கருகலின் வடிவத்தைப் பாருங்கள்.

அடித்த இரண்டு முதல் ஐந்து நாளில், இலையின் நுனியிலும் துளி தேங்கிய இடங்களிலும், முதலில் தண்ணீர் ஊறிய மாதிரி கரும்பச்சைத் திட்டு வந்து பிறகு பழுப்பானால் அது எண்ணெய்க் கருகல். பக்கத்துத் தொட்டியிலிருக்கும் வேறு வகைச் செடியிலும், எங்கெல்லாம் தெளிப்பு பட்டதோ அங்கெல்லாம், அதே குறி இருக்கும். இலை ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிக் கிண்ணம் போல வளைந்து, பிறகு சிவந்து காய்ந்தால், அதுவும் வெண்டையிலும் கத்தரியிலும் மட்டும் என்றால், அது தத்துப்பூச்சி சாறு உறிஞ்சியதன் விளைவு. எண்ணெய் அடிப்பதற்கு முன்பே தொடங்கியிருக்கும். அடி இலைகளின் ஓரம் மட்டும் சீராகக் காய்ந்திருந்தால் உப்புத் தண்ணீரோ உரமோ அதிகம்.

எண்ணெய்க் கருகல்தான் என்றால், அடுத்து எந்தச் செடிகள் கருகின என்று பாருங்கள். கடைசியாக அடித்த தொட்டிகள் மட்டும் கருகியிருந்தால் காரணம் பம்புக்குள் இருக்கிறது. எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும், உறிஞ்சும் குழாய் அடியில் இருக்கும். முதல் பத்துத் தொட்டிக்கு வெறும் தண்ணீரும் கடைசி இரண்டுக்குக் கெட்டி எண்ணெயும் போயிருக்கும். முதலில் அடித்த செடியில் பூச்சி அப்படியே இருக்கிறது, கடைசிச் செடி கருகியது என்ற இரட்டைப் புகாருக்கு விடை இதுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பம்பைக் குலுக்குங்கள், கடைசிக் கால் லிட்டரைச் செடிக்கு அடிக்காதீர்கள், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

எல்லாச் செடியும் கருகியிருந்தால் வெயில். இலையின் துளைகள் வழியாக நீராவி வெளியேறித்தான் இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. எண்ணெய் அந்தத் துளைகளையும் மூடுகிறது. 32 பாகை செல்சியசுக்கு மேல் அடித்தால் இலை உள்ளுக்குள் வெந்துபோகும். கத்திரி வெயில் நாட்களில் மாலை ஐந்தரைக்கு முன் பம்பைத் தொட வேண்டாம். கடலோர ஊர்களில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: மழைக்கால ஈரக் காற்றில் படலம் விடியும்வரை காயாமல் இலைக்குள் இறங்கும். அப்படிப்பட்ட நாட்களில் கொஞ்சம் முன்னதாக, காற்று ஓடும் நேரமாகப் பார்த்து அடிப்பது நல்லது.

வாடிய செடிக்கு எண்ணெய் கூடாது. காலையில் தண்ணீர் ஊற்றி, மாலையில் இலை விறைப்பாக இருக்கும்போது அடியுங்கள். புதிதாக நட்ட நாற்றுக்கு வேர் பிடிக்கும்வரை, ஒரு பத்து நாளாவது, வேண்டாம்.

கந்தகம் இன்னொரு காரணம். சாம்பல் நோய்க்கோ செஞ்சிலந்திக்கோ நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள்) அடித்த செடிக்கு மூன்று வாரம் எண்ணெய் கூடாது. எண்ணெய் முதலில் அடித்திருந்தால் கந்தகத்துக்கும் அதே இடைவெளி. இரண்டும் சேர்ந்தால் இலையை எரித்துவிடும். எண்ணெய் அளவு, நேரம், தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தும் கருகினால், கடந்த மாதம் என்ன தூவினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

சில செடிகளுக்கு இயல்பிலேயே ஒத்துக்கொள்ளாது. பெரணி வகைகள், மேலே வெண்மாவு பூத்தது போலிருக்கும் சதைப்பற்றுச் செடிகள், செம்பருத்திப் பூவும் மொட்டும், சில ரோஜாப் பூக்கள். வெள்ளரி, பாகல், புடலையின் இளந்தளிரில் 5 மி.லி.க்கு மேல் போகாதீர்கள். புதுச் செடி எதுவானாலும் நாலு இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பார்ப்பது உத்தமம்.

பாத்திரம் துலக்கும் திரவத்தையும் சந்தேகியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கத் தயாரித்தது இலையின் மெழுகையும் அறுக்கும். லிட்டருக்கு ஒரு மூடி என்று தாராளமாக ஊற்றினால் கருகல் அதனாலேயே வரும்.

அதிகம் அடித்துவிட்டோம் என்று அன்றே தெரிந்தால், லிட்டருக்கு 1 மி.லி. சோப்பு கலந்த தண்ணீரால் இலையின் இரு பக்கமும் கழுவி, பிறகு வெறும் தண்ணீரில் அலசி, நாலு நாள் நிழல் வலையின் கீழ் வையுங்கள். உரம் வேண்டாம். கருகிய இலைகளை உடனே பறிக்கவும் வேண்டாம்; பச்சை மிச்சமிருக்கும் பகுதி செடிக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: நனையும் அளவுக்கு அடித்தும் பூச்சி சாகவில்லை

நனைந்தது எந்தப் பக்கம்? வெள்ளை ஈ, அசுவினி, செஞ்சிலந்தி எல்லாம் இலைக்கு அடியில்தான் குடியிருக்கின்றன. நாசிலை மேல்நோக்கித் திருப்பி, செடியின் அடியிலிருந்து மேலே அடித்துக்கொண்டு போக வேண்டும். இலையின் அடிப்பாகம் சொட்டுவதற்குச் சற்று முன் நிறுத்தினால் அளவு சரி. தொட்டியைச் சுவரோரமாகவே வைத்திருந்தால் பின்பக்கம் எப்போதும் காய்ந்துதான் கிடக்கும். இழுத்து வைத்து அடியுங்கள். முட்டைக்கோஸ், சேம்பு போன்ற மெழுகு இலையில் துளி உருண்டு ஓடும். அங்கே நுண்ணிய தெளிப்பும் போதுமான கலப்பானும் இல்லாமல் எதுவும் ஒட்டாது.

அடுத்து, செத்ததா என்று சரியாகப் பார்த்தீர்களா? செதில் பூச்சி செத்தாலும் ஓடு கிளையிலேயே மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பிப் பாருங்கள். நசுங்கி ஈரம் வந்தால் உயிர். காய்ந்த பொட்டாக உதிர்ந்தால் செத்தது. மாவுப்பூச்சியும் அப்படித்தான்: வெள்ளைப் பஞ்சு மிச்சமிருக்கும், குச்சியால் விலக்கினால் உள்ளே பழுப்பாகக் காய்ந்திருக்கும். இதைப் பார்க்காமல் செத்த பூச்சிக்கே மூன்று தடவை மருந்து அடிக்கிறவர்கள் நிறைய.

மாவுப்பூச்சி உயிரோடுதான் இருக்கிறது என்றால், அதன் மெழுகுப் பஞ்சு கரைசலை உள்ளே விடவில்லை. முதலில் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி, அல்லது பழைய பல் துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பஞ்சைக் கலையுங்கள். மொய்த்துக் கிடக்கும் நுனிகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட்டால் திரும்பி ஏறும். அதன் பிறகு 10 மி.லி. எண்ணெய். வேப்பெண்ணெய்க்கு மசியாத இடத்தில் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு, லிட்டருக்கு 25 கிராம், நல்ல பலன் தரும். நாற்றம் இரண்டு நாள் இருக்கும், அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது.

வெள்ளை ஈயில், நீங்கள் கிளையைத் தொட்டதும் பறக்கிற பெரிய ஈக்களை எண்ணெயால் பிடிக்க முடியாது. எண்ணெயின் இலக்கு இலையடியில் நகராமல் ஒட்டியிருக்கும் இளம்பருவமும் முட்டையும். பறப்பவைக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடியின் நுனி உயரத்தில் தொங்கவிடுங்கள்.

இலைப்பேன் ஒளிவது மொட்டுக்குள்ளும் மடிந்த குருத்துக்குள்ளும். கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணில் கழிக்கும். அதனால் எண்ணெய் பாதிதான் உதவும். நீல ஒட்டும் அட்டையும் மண் மேல் மூடாக்கும் சேர வேண்டும். ரோஜாவில் மொட்டு விரியாமல் கருகினால் அந்த மொட்டுகளைக் கிள்ளி எறிவதே பெரிய வைத்தியம்.

அறிகுறி: போன பூச்சி ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது

திரும்பி வரவில்லை, பெரும்பாலும் அங்கேயே இருந்தது. தெளிப்பு படாத முட்டைகள் பொரித்துவிட்டன. வெப்ப காலத்தில் வெள்ளை ஈயின் முட்டை ஐந்தாறு நாளில் பொரிக்கும். செஞ்சிலந்தி முட்டையிலிருந்து முதிர்ச்சிவரை ஒரு வாரம் பத்து நாளில் முடித்துவிடும். அசுவினிக்கு முட்டையே வேண்டாம், குட்டியாகவே ஈனும். ஒரு தடவை அடித்துவிட்டு மூன்று வாரம் கழித்துப் பார்ப்பது வீண். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை, செஞ்சிலந்திக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. மூன்று முறைக்குப் பிறகு நிறுத்தி இலையைப் பாருங்கள். "வாரா வாரம் வேப்பெண்ணெய்" என்று ஆண்டு முழுக்க அடிப்பதில் செடிக்கு நன்மை இல்லை. படலம் ஏற ஏற இலை மங்கி வளர்ச்சி நிற்கும்.

எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சியும் அசுவினியும் சுரக்கும் தேன்பாகுக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும், எதிரிப் பூச்சிகளை விரட்டும், மாவுப்பூச்சிக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு போய் அடுத்த செடியில் குடியேற்றவும் செய்யும். எறும்பு வரிசை இருக்கும்வரை எந்த எண்ணெயும் நிலைத்த பலன் தராது. தொட்டி வைத்திருக்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மரமென்றால் தண்டைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவக் கூடாது. சுவரைத் தொடும் ஒரு கிளை போதும், எறும்புக்கு அதுவே பாலம்.

யூரியா, மீன் அமிலம், கடலைப் பிண்ணாக்கு என்று தழைச்சத்து அதிகம் போகும் செடியில் தளிர் கொழுகொழுவென்று வரும், அசுவினியும் கூடவே வரும். பூச்சி அடங்கும்வரை அதை நிறுத்துங்கள்.

அறிகுறி: மிளகாய் இலை சுருண்டுவிட்டது, எண்ணெய் அடித்தும் நிமிரவில்லை

சுருண்ட இலை ஒருபோதும் நிமிராது. அடுத்து வரும் தளிர் நேராக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எந்தத் திசையில் சுருண்டது என்பதில் விடை இருக்கிறது.

ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு போலிருந்தால் இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை குறுகி, காம்பு நீண்டு எலி வால் போலானால் மஞ்சள் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது, உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். சிலந்திக்கு எண்ணெய் நன்றாகக் கேட்கும்: 5 மி.லி., குருத்தும் இலையடியும் நனையும்படி, ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. இலைப்பேனுக்கு முன்பு சொன்னது போல அரைப் பலன்தான். 2021-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைப் பாழாக்கிய கறுப்பு இலைப்பேன் வகை பூவுக்குள்ளேயே மொய்ப்பது. பூவை உள்ளங்கையில் தட்டினால் கறுப்பாக ஊர்வது தெரியும். தெரிந்தால் எண்ணெயை மட்டும் நம்பாதீர்கள்.

மூன்றாவது வகை: இலை சிறுத்து, நரம்பு தடித்து, மஞ்சள் திட்டோடு சுருண்டு, கணுக்கள் நெருங்கிச் செடியே குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரிவதும் இதே கூட்டம்தான். எந்த எண்ணெயும் இதைக் குணப்படுத்தாது. செடியின் மேல் முதலில் ஒரு எண்ணெய் அடித்து, ஈ பறந்து பரவாமல் நனைத்து, பிறகு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். பாசம் காட்டி வைத்திருந்தால் மற்ற தொட்டிகளும் போகும்.

அறிகுறி: இலை மேல் கறுப்புப் படலம்

கொய்யா, தென்னை, செம்பருத்தி, கறிவேப்பிலையில் கரி பூசினாற்போல் வரும் இது கரும்பூசணம். செடிக்குள் நோய் இல்லை. மேல்கிளையில் பூச்சி சிந்திய தேன்பாகின் மேல் பூசணம் வளர்கிறது. எண்ணெயைக் கறுப்பு இலையின் மேற்பக்கம் அடிப்பது வீண் வேலை. அண்ணாந்து பாருங்கள், அதற்கு மேலேயுள்ள இலையின் அடியில் பூச்சி இருக்கும்.

படலத்தை நீக்க மைதா: லிட்டருக்கு 25 கிராம். கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கவைத்துக் கஞ்சியாக்கி, ஆறியதும் ஒரு லிட்டராக நீர்த்து, வடிகட்டி, வெயில் வரும் நாளில் இலை மேல் அடியுங்கள். காய்ந்து செதிலாக உரியும்போது கரியும் கூடவே வரும். தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது, தொட்டிக் கொய்யாவுக்கும் பொருந்தும்.

இலையடியில் வெள்ளை மெழுகு சுருள் சுருளாகக் கோலமிட்டிருந்தால், அது 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் காணப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இதில் மட்டும் பம்பை எடுக்கும் முன் கூட்டுப்புழுக்களின் நிறத்தைப் பாருங்கள். நிறைய கறுத்திருந்தால் என்கார்சியா என்ற சிறு குளவி உள்ளே முட்டையிட்டு வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இலைகளுக்கு எண்ணெய் அடித்தால் குளவியும் சாகும். விட்டுவிடுங்கள். பப்பாளி மாவுப்பூச்சியிலும் இதே கதை: 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டு மரவள்ளி, மல்பெரி, பப்பாளி என்று சூறையாடியதை, 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து வரவழைத்த அசிரோபேகஸ் குளவிதான் அடக்கியது. பஞ்சுக்கு நடுவே வட்டத் துளையோடு பழுப்பு மம்மிகள் (குளவி தின்று முடித்த மாவுப்பூச்சிக் கூடுகள்) தெரிந்தால் ஒரு வாரம் பொறுங்கள்.

அறிகுறி: இலையில் வெள்ளைத் தூள், எண்ணெய் அடித்தும் பரவுகிறது

விரலால் தேய்த்தால் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் சாம்பல் நோய். பூசண இழை இலையின் மேற்பரப்பிலேயே படர்வதால் எண்ணெய் பட்டாலே அழியும். ஆனால் காசு அளவுப் பொட்டு இரண்டு மூன்று தெரியும்போதே 10 மி.லி. அடிக்க வேண்டும். இலை முழுதும் வெளுத்த பிறகு அடித்தால் அடுத்த இலையைத்தான் காப்பாற்றலாம். பூசணி, வெண்டை, ரோஜாவில் பனிக்காலத்தில் வாரம் ஒரு முறை, மூன்று முறை போதும். வெளுத்த அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

பீர்க்கு, வெள்ளரி இலையின் மேற்பக்கம் நரம்புகளுக்குள் அடங்கிய கோண வடிவ மஞ்சள் திட்டும், அடிப்பக்கம் சாம்பல் ஊதாப் பூச்சும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். இழை இலைக்குள் இருப்பதால் எண்ணெய் எட்டாது.

வாடல், வேரழுகல், வேர்முடிச்சு நூற்புழு, காய்க்குள் புகுந்த புழு, பழ ஈ: இவை எதற்கும் இலையில் எண்ணெய் தெளிப்பது மருந்தாகாது. வாழையின் சிகடோகா இலைப்புள்ளிக்குத் தாது எண்ணெய் சேர்ப்பதுண்டு, ஆனால் அங்கே அது பூசணக்கொல்லியோடு கூட்டாகப் போகிறது. தனி வேப்பெண்ணெயை வைத்து அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: காய் பிடிப்பு குறைந்தது, பொறிவண்டுகள் செத்துக் கிடக்கின்றன

எண்ணெய்க்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி தெரியாது. ஈரமாக இருக்கும்போது தேனீ மேல் பட்டால் அதுவும் மூச்சடைக்கும். பூ விரிந்திருக்கும் காலையில் பூசணி வகைகளுக்கு அடிக்காதீர்கள். மாலையில், பூவைத் தவிர்த்து அடியுங்கள். பொறிவண்டின் புழு கறுப்பும் ஆரஞ்சுமாக முதலை போல இருக்கும், பலர் அதையே பூச்சி என்று அடித்துவிடுகிறார்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் வெள்ளை முடியோடு கொஞ்சம் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடுவது இருந்தால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டின் புழுவாக இருக்கலாம். மாவுப்பூச்சி மந்தமாகத்தான் நகரும்.

சூடோமோனாஸ், பவேரியா, வெர்டிசிலியம் போன்ற நுண்ணுயிர் மருந்துகளை எண்ணெயோடு ஒரே பம்பில் கலக்காதீர்கள். நாலைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

மாடியில் தாமரைத் தொட்டியில் கப்பி மீன் விட்டிருந்தால் அடிக்கும்போது அதை மூடிவையுங்கள். வேம்பு மருந்து மீனுக்கு ஆகாது, எண்ணெய்ப் படலம் தண்ணீருக்குக் காற்று போவதையும் தடுக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் புட்டியை வையுங்கள். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் உள்ளே போனால் வாந்தியும் வலிப்பும் வந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

அறிகுறி: கீரையிலும் கறிவேப்பிலையிலும் கசப்பு, வாடை

இலையையே தின்னும் செடிக்கு வேப்பெண்ணெய் சரியான தேர்வு இல்லை. கீரை, கொத்தமல்லி, புதினாவில் அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே முக்கால்வாசி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மி.லி. சூரியகாந்தி எண்ணெயும் 2 மி.லி. சோப்பும் கலந்து அடித்து, மறுநாள் கழுவிவிடலாம். ஏற்கெனவே பொரித்து மிஞ்சிய எண்ணெய் கூடாது. அதில் உப்பும் கருகிய துகளும் இருக்கும். கறிவேப்பிலையில் செதில் பூச்சி மோசமாக இருந்தால் இலையை முழுதும் பறித்துக்கொண்டு, கிளையைக் கவாத்து செய்து, வெறும் தண்டில் 10 மி.லி. வேப்பெண்ணெய் அடியுங்கள். புதுத் தளிர் வரும்போது வாடை இருக்காது. கத்தரி, வெண்டை, தக்காளிக்கு அடித்த பிறகு ஐந்து நாள் கழித்துப் பறித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும்.